வீடு தேடி வந்த ஆயுள்

1934இல் இலங்கையில் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியாக் கொசுக்கள் பெருகின. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஏற்கெனவே அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த மக்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. சில மாதங்களில் மாண்டவர்கள் சுமார் 80,000 பேர்.

1946இல்கூட அங்கே சராசரி ஆயுள் 43 வயதைத் தாண்டவில்லை. இன்று அது 75 வயதுக்கும் மேல். செல்வம் குவிந்த பிறகுதான் ஆயுள் கூடும் என்பவர்களுக்கு இலங்கையின் கதை நல்ல மறுமொழி.

வாக்கு கொண்டுவந்த வைத்தியம்

1931இலேயே அங்கே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு ஊருக்குள் வந்தவர்களிடம் மக்கள் மருந்தகமும் பள்ளிக்கூடமும் கேட்டார்கள். 1940களில் இலவசக் கல்வி வந்தது; 1950களில் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சை வந்தது. படித்த பெண்கள் தாயானபோது, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுசென்றார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட, வராமல் காப்பதே அதன் வேலை. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிக்கு ஒரு வட்டாரத்தைக் கொடுத்தார்கள். அங்கே எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில், இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளில் நிற்கிறது. ஒரு தாய் இறந்தாலும் ஏன் என்று விசாரிக்கிறார்கள்.

1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம், அடுத்த ஆண்டே 14 ஆகச் சரிந்தது. வீடுதோறும் அடித்த டி.டி.டி. கொசு மருந்துக்கே அந்தப் பெருமை முழுவதையும் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் மலேரியா அதிகமில்லாத பகுதிகளிலும் இறப்பு குறைந்தது. மருந்தோடு அரசு தந்த உணவு மானியமும் மருத்துவமனையும் மருத்துவிச்சியும் சேர்ந்து செய்த வேலை அது.

கண் அயர்ந்தால்

1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்று கண்காணிப்பு தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். விட்ட இடத்தைப் பிடிக்க நீண்ட காலம் பிடித்தது. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

இந்தச் சாதனையின் பங்கு எல்லோருக்கும் சமமாக வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, 1948 சட்டத்தால் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழருக்கு வாக்கின் பலம் இல்லை. அவர்களின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1974 உணவுப் பஞ்சத்தில், நாடு முழுவதற்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 50 அளவில் இருந்த சிசு மரணம், தோட்டங்களில் நூறைத் தாண்டியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு. தோட்டத்து லயன் வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆபத்து இரண்டு மடங்கு. அரசின் கை எட்டாத இடத்தில் ஆயுளும் எட்டவில்லை.

இன்று அங்கே கவலை வேறு. முதியவர்கள் பெருகுகிறார்கள், நீரிழிவும் இதய நோயும் பெருகுகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, மருத்துவர்கள் பலர் வெளிநாடு போனார்கள். செலவைக் குறைக்க நினைக்கும் எந்த அரசுக்கும் கிராமத்து மருத்துவிச்சியின் சம்பளம் சிறு கணக்காகத் தெரியலாம். அதில் கை வைக்கக் கூடாது. மூன்று தலைமுறை உழைத்துக் கூட்டிய ஆயுளைக் காப்பது அந்தச் சம்பளம்தான்.