சண்டைப் படங்களும் குடும்பப் படங்களும்

படக்கலையில் நாம் விற்பன்னர் அல்லோம். முகத்துவாரத்திலே குடியிருந்து, வகுப்பறையில் இலக்கணம் கற்பித்து, ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் வீட்டாரோடு பழைய படமொன்றைப் பார்க்கும் சாதாரண இரசிகரே. ஆயினும் இரசிகனுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டல்லவா?

சண்டைப் படம் என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரிய நண்பர் பலர். நமக்கு அந்த வெறுப்பு இல்லை. 1958இல் எம். ஜி. ஆர். தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' இன்றும் அலுக்கவில்லை. இரட்டை வேடமும் கத்திச் சண்டையும் பிற்பகுதியில் திடீரெனத் தோன்றும் வண்ணக் காட்சிகளும் பிள்ளைகளைக் கவர்ந்தன. நம்மைக் கவர்ந்ததோ, அரியணையேறிய நாடோடி ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிக்கும் இடம். யாருக்காக வாள் சுழல்கின்றது என்று தெரிந்தாலன்றோ சண்டையில் சுவை பிறக்கும்? அது தெரியாத படங்களிலே சண்டை வெறும் தேகப்பயிற்சியாகிவிடுகிறது.

1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வேறு வகை. அங்கே நாவே வாள். மறு ஆண்டு கெய்ரோ பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. ஜாக்சன் துரையுடன் வாதிடும் காட்சியைப் பாடசாலை மேடைகளில் நடித்துக் காட்டாத தலைமுறை இல்லை. ஆனால் உணர்ச்சி முழுவதையும் பாத்திரமே பேசித் தீர்த்துவிட்டால், பார்ப்போர் நெஞ்சுக்கு என்ன எஞ்சும்? 'பராசக்தி'யில் அவ்வாறு தோன்றவில்லை. கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட கல்யாணியின் துயரத்தைக் கண்ட பின், நீதிமன்றப் பேச்சு நீண்டும் நியாயமாகவே பட்டது.

1977இல் வெளியான நம் நாட்டுப் படம் 'பொன்மணி'யில் வாளும் இல்லை, அடுக்கு வசனமும் இல்லை. இயக்கியவர் சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜ. களம் யாழ்ப்பாணம், பொருள் சீதனமும் சாதியும். சீதனம் சேராமையால் மணமாகாதிருக்கும் அக்காள், பேசாது நடமாடும் வீட்டார், மெல்ல நகரும் பொழுது. படம் வந்த காலத்தில் தமிழ் மக்கள் இதனை ஆதரிக்கவில்லை. மந்தமான படம் என்பது அன்றைய குறை. சென்னைப் படங்களின் கண்ணீரை விரும்பி வாங்கிய நாம், நம் வீட்டுக் கண்ணீரைக் காணக் கூசினோம் என்றே எண்ணுகிறோம்.

படம் முடிந்ததும் மூத்த மகள், "அப்பா, எனக்கும் சீதனம் கேட்பார்களா?" என்றாள். அவள் தாய் நம்மைப் பார்த்தாள். வரும் தவணையில் உயர்வகுப்பு மாணவர்க்கு இப்படத்தைக் காட்ட எண்ணியிருக்கிறோம்.