60 விநாடி மௌனம்

நம் வலைதளத்தில் 1,500 படங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்போம். சர்வரின் கணக்கு வேறு. வேர்ட்பிரஸின் வழக்கமான அமைப்பில் பெரிய புகைப்படம் ஒன்றை ஏற்றினால், மூலப்படம், அதை 2560 பிக்சலுக்குச் சுருக்கிய பிரதி, பிறகு 2048, 1536, 1024, 768, 300, 150 என்று இறங்குமுகமாக ஆறு, ஆக மொத்தம் எட்டுக் கோப்புகள் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் வந்து உட்காரும். 1,500 படம் என்பது 12,000 கோப்பு. அத்தனையையும் இன்னொரு சர்வரோடு ஒத்திசைக்க ஒரு பட்டனைத் தட்டினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் திரையில் ‘504’ என்று வந்து நிற்கும்.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இணைய வேகத்தை. ஆனால் இங்கே ஆளைச் சாய்ப்பது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. “இந்தக் கோப்பு உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பது என்று நிரலை எழுதியிருந்தால், 12,000 கேள்விக்கு 2,400 விநாடி. நாற்பது நிமிடம் விசாரணையிலேயே போய்விடும், ஒரு படம்கூட நகர்ந்திருக்காது. மளிகைச் சீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்குப் போய்வருகிற வேலை இது. இணைப்பை எத்தனை மடங்கு அகலமாக்கினாலும் இந்த நாற்பது நிமிடம் குறையாது.

சரி, நாற்பது நிமிடம் ஆகட்டுமே, ஏன் நடுவில் அறுத்துவிட வேண்டும்? என்ஜின்எக்ஸ் என்ற பிரபலமான வலைச் சர்வர், தனக்குப் பின்னால் வேலை பார்க்கும் நிரலுக்காகக் காத்திருப்பது, நாம் மாற்றாதவரை, 60 விநாடி. மொத்த வேலைக்கும் இதுதான் கெடு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி அல்ல. அந்த நிரல் எந்தச் சத்தமும் காட்டாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கான வரம்பு (டைம்-அவுட்) அது. மௌனம் 60 விநாடியைத் தாண்டினால், ஆள் இல்லை என்று முடிவு கட்டி, அந்த ‘504’-ஐக் காட்டிவிடும்.

இந்த முடிவு தவறாக இருக்கலாம். அந்தத் தவறைத் தவிர்க்க முடியாது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய வியப்பு. மெதுவாக வேலை செய்யும் கணினியும் செத்துப்போன கணினியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் பேசுவதில்லை. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் 1985-இல் இதன் ஆழத்தைக் கணிதமாகவே நிறுவினார்கள். செய்தி எவ்வளவு தாமதமாகவும் வரலாம் என்ற வலைப்பின்னலில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலே போதும்; தற்செயலின் துணையில்லாமல், மற்றவை எல்லாம் ஒரு பொதுமுடிவுக்கு நிச்சயம் வந்துசேரும் என்று உறுதி சொல்லும் வழிமுறை எதுவும் கிடையாது. டைம்-அவுட் என்பது அந்த இருட்டில் நாம் வைத்துக்கொள்ளும் ஓர் ஊகம்.

அதனால்தான் 60-ஐ 600 ஆக்குவதை நான் மருந்தாக ஏற்பதில்லை. அந்த ‘504’ வந்த பிறகும் பின்னால் நிரல் பல நேரங்களில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பொறுமையிழந்தவர் மறுபடி பட்டனைத் தட்டுவார். இப்போது ஒரே ஃபோல்டரில் இரண்டு ஓட்டங்கள், ஒன்று எழுதுவதன் மேலேயே இன்னொன்று எழுதும்.

இதற்கெல்லாம் அழகான விடை 1996-லேயே வந்துவிட்டது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் உருவாக்கிய ஆர்சிங்க் என்ற நிரல். அது பதிலுக்காக நிற்பதில்லை. ஒரு பக்கம் கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் ஒத்துப்போனால் அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது.

மாறிய கோப்பை அது கையாளும் விதம்தான் மந்திரம். பழைய பிரதி அங்கே, புதியது இங்கே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் மாறிய துண்டு மட்டும் போக வேண்டும். அங்கிருக்கும் கணினி தன் கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் அனுப்பும். இங்கிருப்பது தன் கோப்பில் எந்த இடத்தில் அதே துண்டு கிடக்கிறது என்று, ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடும். ஒவ்வொரு நகர்வுக்கும் முழுத் துண்டையும் கூட்டினால் விடிந்துவிடும். எனவே இப்படிச் செய்கிறது: 3, 7, 2, 5 என்று ஒரு துண்டு. கூட்டினால் 17. வரிசை மாறினால் தெரியவேண்டுமே, அதற்காக 4, 3, 2, 1 என்று எடை போட்டு இன்னொரு கூட்டல்: 12+21+4+5=42. அடுத்து வருவது 6. முதல் கூட்டலில் 3-ஐக் கழித்து 6-ஐச் சேர்த்தால் 20. இரண்டாவதில் நான்கு மூன்று பன்னிரண்டைக் கழித்து, அந்த 20-ஐச் சேர்த்தால் 50. நேராக 7, 2, 5, 6-க்கு எடை போட்டுப் பாருங்கள், அதே 50. துண்டு எவ்வளவு நீளமானாலும் நகர்வுக்கான வேலை இவ்வளவுதான். இந்த எளிய எண் பொருந்திய இடத்தில் மட்டும், எளிதில் ஏமாறாத வலுவான இரண்டாவது சோதனை நடக்கும்.

ஆனாலும் தொடக்கத்தில் ஒரு சுணக்கம் இருந்தது. முழுக் கோப்புப் பட்டியலையும் தயாரித்து முடித்த பிறகே ஆர்சிங்க் வேலையைத் தொடங்கும். பல லட்சம் கோப்பு என்றால் பட்டியலுக்கே நீண்ட மௌனம். 2008-இல் வந்த 3.0 பதிப்பு பட்டியலைப் பகுதி பகுதியாக எடுக்கக் கற்றுக்கொண்டது. திருத்திய நேரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்ல மட்டும் மறக்கக்கூடாது. மறந்தால், அங்கே எல்லாக் கோப்புக்கும் நகலெடுத்த நேரமே பதிவாகும். அடுத்த முறை அத்தனையும் மாறிவிட்டதாகத் தோன்றும்.

ஆர்சிங்கை ஓட்டக் கட்டளைத்திரை தராத மலிவான ஹோஸ்டிங்கில் இருப்பவர்களும் இதே வழியில் போகலாம். ஒரு கோரிக்கைக்கு 100 கோப்பு, எந்தக் கோப்புவரை முடிந்தது என்று தரவுத்தளத்தில் ஒரு குறிப்பு, பிறகு அடுத்த கோரிக்கை. ஓர் ஓட்டம் நடக்கும்போது இரண்டாவது தொடங்காமல் ஒரு பூட்டு. முக்கியமாக, ஒரே கோப்பை இரண்டு முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதிவிட வேண்டும். அப்போது 7,300-ஆவது கோப்பில் இணைப்பு அறுந்தாலும், மறுபடி ஓடும்போது 7,301-இல் தொடங்கும். 7,300-ஆவது போய்ச்சேர்ந்ததா என்ற சந்தேகம் இருந்தால், அதையும் இன்னொரு முறை அனுப்பிக்கொள்ளலாம்.