எந்த மொழியில் கேட்டோம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் ஒரே பேரத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். உருது பேசும் வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு. ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இந்தியும் சேர்ந்துகொண்டது. பெரியவர்களுக்கு இது பிழைப்புக்கான பலம். அறிவுசார் குறைபாடுள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கோ, அதனால் என்ன முடியும் என்று பார்க்கும் மதிப்பீட்டின் முதல் நாளிலேயே இது குறுக்கே நிற்கலாம். "கதவைச் சாத்து" என்று தமிழில் சொல்லி, பிள்ளை அசையாமல் நின்றால், "சொல்வது புரியவில்லை" என்று தாளில் ஏறிவிடும். வீட்டில் "தலுப்பு வெய்யி" என்றோ "பாகிலு ஹாக்கு" என்றோ சொன்னால் எழுந்து போய்ச் சாத்துகிற பிள்ளையாக அது இருக்கலாம். இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி என்றதும் இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கெல்லாம் அடித்தளம் சரியான மதிப்பீடு. இந்த மாநில எல்லைப் பகுதியில் அது வீட்டு மொழியில்தான் தொடங்க வேண்டும்.

மதிப்பீடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு கருவி சாட்சி. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சென்னையில் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' ஒரு பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை 18 துறைகளாகப் பிரிக்கிறது: நடப்பது, விரல்களைப் பயன்படுத்துவது, உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது, எண், நேரம், பணம் என்று நீளும் வரிசை அது. துறைக்கு 20 செயல்கள், மொத்தம் 360. ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய செயல். பிள்ளையால் எது முடிகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த படியை ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கான பாடமாக வைப்பார். சட்டை மாட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பொத்தான். பொத்தான் போட்டுவிட்டால் அடுத்தது. இது கல்வியா, வெறும் பராமரிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வேறுபாடு தெரிந்து கடையில் மீதி வாங்கிவரும் பிள்ளை கற்றிருப்பது கணக்குத்தான். ஆனால் தொடங்கும் படியைத் தவறாகக் குறித்துவிட்டால், ஏற்கெனவே தெரிந்ததையே ஓர் ஆண்டு முழுக்கக் கற்பிக்க நேரும். பொத்தான் போடுவதைப் பார்த்து அறிய மொழி வேண்டாம். பேச்சு, எண், நேரம் போன்றவற்றில் மொழி இல்லாமல் எதையும் அறிய முடியாது.

பிள்ளையின் மொழியில் மதிப்பிடுவது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்ஸில் பிறந்த பினே அறிவுத்திறன் சோதனையை வி. வி. காமத் 1930-களில் இங்கே கொண்டுவந்தபோது, கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்ப அதைத் திருத்தியமைத்தார். கேள்வியின் மொழி மாறினால் விடையும் மாறும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று அக்கறையோடு சொல்லப்படுவது: கற்கச் சிரமப்படும் பிள்ளையின் தலையில் இரண்டு மொழியை ஏற்றலாமா, வீட்டிலும் பள்ளி மொழியையே பேசினால் என்ன? கனடாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டு மொழிச் சூழலில் வளர்ந்தவர்களின் ஆங்கிலம், ஆங்கிலம் மட்டுமே பேசிய அதே நிலைப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. சின்ன ஆய்வுதான். இருந்தாலும், பாட்டியோடு பேசும் மொழியை ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்குவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டாமா?

இன்னொரு மறுப்பு கனமானது. சிறப்புப் பள்ளியே பிள்ளைகளைப் பிரித்துவைக்கிறது, எல்லாரும் பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்கட்டும் என்பது. இத்தாலி 1977-லேயே சட்டம் இயற்றி அந்த வழியில் போனது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருகிறது. சேர்ந்து படிப்பதே நாம் போகவேண்டிய திசை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெஞ்சில் இடம் கொடுப்பது மட்டும் சேர்ப்பதாகிவிடாது. சிறப்புப் பள்ளியின் படிப்படியான முறையும் பொதுப் பள்ளிக்குள் வர வேண்டும். 2022-இல் ஒன்றிய அரசு அறிவித்த விகிதம் தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். அந்த ஒருவருக்குத் தெலுங்கு தெரியுமா, கன்னடம் தெரியுமா என்ற கேள்வி விகிதக் கணக்கில் வராது.

ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெலுங்கு, கன்னட, உருது வழி அரசுப் பள்ளிகளும் அவற்றின் ஆசிரியர்களும் இங்கேயே இருக்கிறார்கள். வட்டார வள மையத்தின் மதிப்பீட்டு முகாமில் சிறப்புப் பயிற்றுநர் பக்கத்தில் அவர்களில் ஒருவரை உட்கார வைக்கலாம். அதற்கு முன்பே தாயிடம் கேட்கலாம், பிள்ளையை எந்த மொழியில் கூப்பிடுகிறீர்கள், எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறது என்று. அந்த விடையை மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு கதவைச் சாத்தச் சொல்லலாம்.