பூனையின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும்



நோயாளிகளுக்கும் முதியோருக்கும் ஆறுதல் தரும்படி நாய், பூனை முதலிய பிராணிகளை அழைத்துவரும் பழக்கம் மேல்நாடுகளில் பரவியிருக்கிறது. இது நல்ல காரியமே. ஆனால் ஆறுதல் பெறுகிறவரைப்பற்றி யோசிக்கிற நாம், அதைக் கொடுக்கிற வாயில்லா ஜீவனைப்பற்றியும் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஸ்டீர் ஹவுஸ் என்ற பராமரிப்பு இல்லம் உண்டு. மறதிநோய் முற்றியவர்கள் தங்கும் பகுதியில் ஆஸ்கார் என்ற பூனை வளர்ந்தது. மரணத்தறுவாயில் இருப்பவர்களின் படுக்கையில் அது போய்ப் படுத்துக்கொள்வதாக டாக்டர் டேவிட் டோசா 2007-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 2022-ல் இறந்த ஆஸ்காரை யாரும் தூக்கிக்கொண்டுபோய் எவர் மடியிலும் வைக்கவில்லை. அது தானாகவே சென்றது. இதை நாம் கவனிக்க வேண்டும்.

நாய் தன் எஜமானோடு எங்கும் வரும். பூனையோ தான் பழகிய இடத்தோடும் வாசனையோடும் ஒட்டி வாழ்வது. மருந்து நெடியும் அந்நியர் கைகளும் அதற்குப் பயம். பயந்த பூனை எப்போதும் சத்தமிடுவதில்லை. காதுகள் பின்னால் மடியும், கண்மணி விரியும், வால் நுனி துடிக்கும். சில வேளை உடலைச் சுருக்கி அசையாமல் கிடக்கும். அதை நாம் சாந்தம் என்று எண்ணிவிடுகிறோம். அடுத்து வருவது நகமும் பல்லும். பூனைக்கடி சிறியதாய்த் தோன்றினாலும் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விடும். பலவீனமான நோயாளிக்கு அது ஆபத்து. ஆகவே அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுநோய் நிபுணர் சங்கம் 2015-ல் தந்த ஆலோசனையில், மருத்துவமனைகளுக்கு நாயே ஏற்றது, பூனை அவ்வளவு ஏற்றதல்ல என்று கூறியது.

முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பூனையை அழைத்துவருவோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. பூனை நன்கு வளர்ந்ததாயும், தடுப்பூசி போடப்பட்டு மிருக வைத்தியரால் பரிசோதிக்கப்பட்டதாயும் இருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பூனையை அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஏற்பதில்லை. சமைக்காத இறைச்சி உண்பதையும் ஏற்பதில்லை.

2. அவ்வமைப்பு நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் சந்திப்பை அனுமதிப்பதில்லை. பூனை களைத்தால் அதற்கு முன்னரே நிறுத்த வேண்டும்.

3. அதன் குணமறிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் பார்க்க வேண்டியது முதலாவது பூனையை.

4. ஒதுங்கிக்கொள்ள ஓர் இடமும், விலகிப்போக வழியும் எப்போதும் இருக்க வேண்டும்.

5. கீறாதிருக்க நகங்களை நீக்கிவிடலாகாது. அது விரலின் கடைசி எலும்பையே வெட்டியெடுப்பதாகும். நியூயார்க் மாநிலம் 2019-ல் இதைத் தடை செய்தது.

6. ஒவ்வாமை உள்ளவர், பூனைக்குப் பயப்படுகிறவர், விரும்பாதவர் ஆகியோரிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

பூனைக்காக ஆவலோடு காத்திருக்கும் பாட்டியிடம் அது போக மறுத்தால் என்ன செய்வது? பிடித்து மடியில் வைக்கவே நம் கை நீளும். ஆனால் வற்புறுத்தி வைக்கப்பட்ட பூனை ஆறுதல் தராது. அது தப்பிக்கவே பார்க்கும். "இன்று அதற்கு மனதில்லை, பாட்டி" என்று சொல்லிவிட்டு, பூனை இருந்திருக்க வேண்டிய நேரமெல்லாம் நாம் அவர் அருகில் உட்கார்ந்திருக்கலாம். அந்த வேலையை நாம் எந்தப் பிராணியின்மேலும் சுமத்திவிட்டு நழுவிவிடக் கூடாது.