கடலடியில் ஒரு நிலவறை

‘திராட்சை மதுவைக் கடலுக்கடியில் போட்டு வைத்தால் சுவை கூடுமாமே, உண்மையா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சுவை கூடுவது இருக்கட்டும், கெடாமல் இருக்கும் என்பதற்குப் பால்டிக் கடலில் நல்ல சாட்சி கிடைத்திருக்கிறது.

2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் 168 ஷாம்பெயின் புட்டிகள் அகப்பட்டன. ஏறக்குறைய 170 ஆண்டுப் பழசு. ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஜாந்தே குழுவினர் அவற்றை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்று பெருமளவில் விற்கும் ‘ப்ரூட்’ வகையில் 12 கிராமைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்து நாக்குக்கு அவ்வளவு இனிப்பு வேண்டியிருந்தது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதன் வாடைதான். ஊற்றியதும் ஈர முடி நாற்றமும் பாலாடைக்கட்டி நெடியும் அடித்ததாகச் சுவைஞர்கள் பதிவு செய்தார்கள். கோப்பையைச் சுழற்றிக் காற்றுப் படவிட்டதும் அது விலகி, புகையும் தோலும் கலந்த மணம் எழுந்தது. பிறகு பழமும் பூவும். எங்கள் வீட்டு நெல் பத்தாயமும் இப்படித்தான். நெடுநாள் கழித்துத் திறந்தால் முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கும். சற்றுப் பொறுத்தால் நெல்மணம் வரும். பிராணவாயு அரிதாகிப் போன இடத்தில் சேரும் வாடை அது. மது கெட்டதற்கு அடையாளம் அல்ல.

கடலடியில் வெளிச்சம் இல்லை. குளிர் 2 முதல் 4 டிகிரி, ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. புட்டிக்குள் வாயு தள்ளும் விசைக்கு ஈடாக வெளியே தண்ணீரும் அழுத்துகிறது. கடல் செய்தது இவ்வளவே: முதுமையை மெதுவாக்கியது.

ஷாம்பெயின் தயாரிக்கும் வெவ் கிளிக்கோ நிறுவனம் 2014இல் அதே தீவுப் பகுதியில் புட்டிகளை இறக்கி, நிலவறையில் வைத்தவற்றோடு ஒப்பிட முனைந்தது. அது சோதனை. கிளிஞ்சல் ஒட்டிய புட்டிக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதற்காகவே கடலில் போடுவது வேறு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் உரிய அனுமதியின்றி ஒரு நிறுவனம் அப்படித்தான் போட்டது. புட்டியில் ஒட்டியிருந்தவை உயிர்கள். அந்தக் கடலடி யாருடைய சொந்தக் கிடங்கும் அல்ல. 2023இல் சுமார் 2,000 புட்டிகளை அதிகாரிகள் அழித்தார்கள். சரியாகவே செய்தார்கள்.