சீன எழுத்தில் ஒரு தமிழ்ப்பெயர்

பழனி மலைத்தொடரின் கீழ்மலையில் உள்ள பண்ணைக்காட்டைச் சுற்றிக் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. இம்மூன்றின் பெயர்களையும் சீனர் எவ்வாறு எழுதுகின்றனர் என்று பார்த்தாலே அவர்தம் எழுத்தின் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும். காப்பியைக் குறிக்கும் ‘காஃபெய்’ என்னும் சொல் ஈரெழுத்தால் ஆனது. இரண்டின் இடப்புறத்திலும் சிறு கட்டம் ஒன்று நிற்கும். அது வாயைக் குறிக்கும் உறுப்பு. ஒலியை மட்டும் கருதி வாங்கிய அயற்சொல் இது என்பதை அக்கட்டம் காட்டிக்கொடுக்கும். மிளகு கொடியே ஆயினும் அதன் எழுத்தில் மரவுறுப்பு உண்டு. தம் நாட்டில் முன்பே விளைந்த காரக்காய் மரம் ஒன்றின் எழுத்தை மிளகுக்கும் இட்டு, முன்னே ‘அயலார்’ என்னும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டனர். வாழைக்கோ தலையில் புல்லுறுப்பு. நாம் வாழைமரம் என்று சொல்லிப் பழகினாலும் நிலைத்திணை நூலார் அதனை மரமாகக் கொள்வதில்லை. அவ்வகையில் சீன எழுத்து நூலாரோடு ஒத்துநிற்கிறது. புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் வகுத்த தொல்காப்பிய மரபியலைக் கற்றவர்க்கு இத்தகைய பாகுபாடு புதிதன்று.

கி.பி. 100 அளவில் சூ சென் என்னும் அறிஞர் ‘சுவோவென் சியேசி’ என்ற எழுத்தகராதியைத் தொகுத்தபோது 9,353 எழுத்துகளை 540 உறுப்புகளின்கீழ் அடுக்கினார். 1716இல் வெளிவந்த காங்சி அகராதியில் எழுத்துகள் 47,035 ஆகப் பெருகின. உறுப்புகளோ 214 ஆகச் சுருங்கின. எழுத்துகளுள் மிகப்பெரும்பாலானவை இரு கூறுகளை உடையவை. ஒரு கூறு பொருளின் இனத்தைக் காட்டும். மற்றொன்று ஒலியைக் காட்டும். ஆகவே, காப்பி போன்ற அயற்சொற்களுக்கென ஆக்கிய சில நீங்கலாக, பொருளற்ற வெற்றொலிக்கென்று அம்மொழியில் தனியெழுத்து இல்லை. தமிழில் ‘மு’ என்று எழுதினால் அது ஓர் ஒலி, அவ்வளவே. சீனத்தில் அவ்வொலியை எழுதப் புகுந்தவுடன், எந்த ‘மு’ என்னும் கேள்வி எழுந்துவிடும்.

பழனியின் பெயரோடு பிரியாத முருகனையே எடுத்துக்கொள்வோம். வடசீனப் பொதுமொழியில் அசைகள் உயிரிலோ, ‘ன்’, ‘ங்’ என்னும் மூக்கொலிகளிலோ முடியும். ‘அர்’ போன்ற ஓரிரண்டே விலக்கு. நம் இடையின ரகரமும் அங்கில்லை. லகரத்தைக் கொண்டே நிரப்ப வேண்டும். ஆகவே முருகன் ‘மூ-லூ-கான்’ ஆகிறான். ‘மூ’ என்பதை மேலிருந்து கீழிறங்கும் நான்காம் தொனியில் ஒலித்தால் மரம், கண், மேய்த்தல், மாண்பமைதி, அந்தி, கல்லறை, ஏக்கம் ஆகிய பொருள்களுக்குரிய ஏழு எழுத்துகள் வரிசையில் வந்து நிற்கும். இன்னும் சில உண்டு. இவற்றுள் கடைசி மூன்றையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மேற்பாதி ஒன்றே, அது ஒலிக்குறிப்பு. அதன்கீழ்க் கதிரவனை வைத்தால் அந்தி. மண்ணை வைத்தால் கல்லறை. நெஞ்சை வைத்தால் ஏக்கம். ஒரே ஒலி, ஒரே தலை, அடியில் வைத்த உறுப்பு மட்டுமே வேறு.

இனி முழுப்பெயரையும் எழுதுவோம். மரம், மான், இனிமை என்னும் மூன்று எழுத்துகள் ‘மூ-லூ-கான்’ என்று ஒலிக்கும். கல்லறை, வழி, ஈரல் என்னும் மூன்று எழுத்துகளும் ‘மூ-லூ-கான்’ என்றே ஒலிக்கும். தொனியில்கூட இம்மியளவும் வேறுபாடில்லை. காதால் கேட்பவர்க்கு இரண்டும் ஒன்று. கண்ணால் படிப்பவர்க்கோ ஒன்று வள்ளியின் தினைப்புனத்தை நினைவூட்டும், மற்றொன்று இடுகாட்டுக்கு வழிகாட்டும். பெயருக்கு எழுத்துத் தெரிவது அங்கே அழகுக்கலை மட்டுமன்று, எச்சரிக்கையும்கூட என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தெரியாமல் விட்டால் என்ன நேரும்? சோழப் பேரரசர்க்கு நேர்ந்ததே நேரும். 1015இல் சோழர் தூதுக்குழு ஒன்று சொங் மரபினரின் அவையை அடைந்தது. சொங் வரலாற்று நூல் சோழநாட்டைச் ‘சூ-நியென்’ என்று குறிக்கிறது. முதலெழுத்துக்கு நீரை ஊற்றுதல் என்று பொருள். அடுத்தது ஆட்கள் இழுக்கும் அரசவண்டி. தூதனுப்பிய இராசராசன் பெயர் ‘லோ-சா-லோ-சா’ என்று பதிவாகியுள்ளது. எழுத்தெழுத்தாகப் பொருள் கூட்டினால் வலை, தேயிலை, வலை, திடீரென. 1033இல் வந்த தூதின் குறிப்பில் இராசேந்திரன் பெயருக்கு முன்னுள்ள ‘சிறீ’ என்னும் அடைமொழியை ‘சி-லி’ என்று எழுதினர். அந்தச் ‘சி’ பிணத்தைக் குறிக்கும் எழுத்து. ‘லி’ பிரிதலைக் குறிப்பது. கடல் கடந்து கடாரம் கொண்டவனுக்கு இப்படியோர் அடைமொழி! ஆயினும் சீனர் இழிவு கருதி இவ்வாறு எழுதினர் என்று சினப்பது பொருந்தாது. பௌத்த நூல்களை மொழிபெயர்த்தோர் ‘சி’ என்னும் ஒலிக்கு நெடுங்காலம் வழங்கிவந்த எழுத்து அது. அலுவலக எழுத்தர் ஒலியை மட்டுமே கருதினர். பொருளை எவரும் பொருட்படுத்தவில்லை. காஞ்சிக்கு மட்டும் நற்பேறு வாய்த்தது. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் ‘காஞ்சி’ என்பதற்கு எழுதிய ஈரெழுத்துக்கு நிறுவுதல், மனவுறுதி என்று பொருள்.

சிங்கப்பூரில் இன்று காண்பது இதற்கு நேர்மாறு. அங்கே ஒலியும் வேண்டும், பொருளும் வேண்டும் என்று ஆய்ந்து தெரிகின்றனர். இந்தியச் சலவைத் தொழிலாளர் ஆற்றங்கரையில் துணி துவைத்த இடம் தோபி காட். 1987இல் அங்கே தொடர்வண்டி நிலையம் திறந்தபோது அதற்கு வாய்த்த சீனப்பெயர் ‘துவோ-மெய்-கே’. பல, அழகிய, பாடல் என்பன அவ்வெழுத்துகளின் பொருள். துணி துவைத்த துறை அழகிய பாடல்கள் பல என்று மாறியதைக் கண்டு சிலர் முறுவலிப்பர். எனக்கு அது நல்ல தெரிவாகவே படுகிறது. 1999 முதல் 2011 வரை குடியரசுத் தலைவராக இருந்த நாதன் சீனத்தில் ‘நா-தான்’, ஏற்றல், செந்நிறம். 2023இல் அப்பதவி ஏற்ற தர்மன் சண்முகரத்தினத்தின் பெயரோ இன்னும் நுட்பமானது. சீனர் குடிப்பெயரை முன்னும் இடுபெயரைப் பின்னும் வைப்பர். சண்முகரத்தினம் என்பதன் முதலசையை எடுத்து, சீனரிடையே உண்மையாகவே வழங்கும் ‘சாங்’ என்னும் குடிப்பெயராக்கினர். அதற்கு மதித்தல் என்று பொருள். தர்மன் என்பது ‘தா-மான்’ ஆயிற்று, எய்துதல், நயம். அமைச்சர் கா. சண்முகம் ‘சாங்-மூ-கென்’, மதித்தல், மாண்பமைதி, வேர். நாம் மேலே கண்ட ஏழு ‘மூ’க்களுள் நான்காவது இங்கே அமர்ந்திருப்பதைக் காண்க.

இம்முறையின் முழு ஆற்றலும் வேதியியலில்தான் வெளிப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் சாங்காய் நகரின் சியாங்நான் படைக்கலச் சாலையில் சூ சௌ என்னும் சீன அறிஞரும் சான் பிரையர் என்னும் ஆங்கிலேயரும் இணைந்து வேதியியல் நூலொன்றை மொழிபெயர்த்தனர். தனிமங்களின் அயற்பெயரிலிருந்து ஓரசையை எடுத்து, அதனோடு இனங்காட்டும் உறுப்பை இணைப்பது அவர்கள் வகுத்த நெறி. மாழைகளுக்குப் பொன்னுறுப்பு இட்டனர். (பொன் என்னும் சொல்லே எல்லா மாழைக்கும் பொதுப்பெயராவது நம் ஐம்பொன்னிலும் உண்டு.) மாழை அல்லாத திண்மங்களுக்குக் கல்லுறுப்பு அமைந்தது. பின்னர் 20ஆம் நூற்றாண்டில் வளிகளுக்கெல்லாம் வளியுறுப்பு நிலைபெற்றது. நீரகத்தின் எழுத்தில் வளியுறுப்பின்கீழ் ‘எடைகுறைந்த’ என்னும் எழுத்தின் கூறு உள்ளது, உயிரகத்தில் ‘ஊட்டி வளர்த்தல்’, குளோரினில் ‘பச்சை’. ஆக்சிசனை உயிர்வளி என்ற தமிழறிஞரும் அதற்குச் சீனப்பெயர் இட்டவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியில் எண்ணியுள்ளனர். புரோமினுக்கு நீருறுப்பும் ‘நாற்றம்’ என்னும் எழுத்தும் சேர்ந்தன. அறைவெப்பத்தில் நீர்மமாக நிற்கும் தனிமங்கள் புரோமினும் பாதரசமும். இவ்விரண்டின் எழுத்தில்தான் நீர் உண்டு. 2017இல் 113, 115, 117, 118 ஆகிய எண்களையுடைய தனிமங்களுக்குச் சீனப்பெயர் அறிவித்தபோதும் இதே நெறியையே பின்பற்றினர்.

மக்கட்பெயரிலும் இவ்வுறுப்புகளுக்கு வேலை உண்டு. பொன், மரம், நீர், தீ, மண் என்னும் ஐந்தனுள் பிறப்புக் கணிப்பில் குறைவதைப் பெயரால் நிரப்புவது சீன வழக்கம். லூ சுன் 1921இல் எழுதிய சிறுகதை ஒன்றில் மண் குறையும் சிறுவனுக்குப் பெயரிலேயே மண் சேர்க்கின்றனர். பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும் நற்பேறு தேடும் நம்மவர்க்கு இது வியப்பூட்டாது. அறிவியலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

பண்ணைக்காட்டுக் காப்பிப் பொதியில் ஊர்ப்பெயரைச் சீனத்தில் பொறிக்க ஒருவர் விரும்பினால் என்ன செய்யலாம்? பண்ணை, காடு என்று பொருள்பெயர்த்தால் ஊரின் ஒலி மறைந்துவிடும். ‘பான்-நாய்-கா-தூ’ என்று ஒலிபெயர்ப்பதே தக்கது. (தமிழ்க்காதுக்கு இரண்டாம் அசை சற்று நெருடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) ‘பான்’ என்பதற்கு மலையேறுதல் என்னும் எழுத்து உண்டு, அதன் உச்சியில் மரங்களும் அடியில் கையும் அமைந்துள்ளன. ‘நாய்’ பொறுத்து நிற்றல். ‘கா’ என்பதற்கு அயற்பெயர்களில் பெருவழக்காயுள்ள எழுத்து, ‘மேல்’ என்பதையும் ‘கீழ்’ என்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. சோதனைச்சாவடிக்குரிய எழுத்தும் அதுவே. ‘தூ’ ஒருவகைக் காட்டு மரம். மரவுறுப்பும் மண்ணுறுப்பும் அருகருகே நின்று அவ்வெழுத்தாகின்றன. மலையூருக்கு இதனினும் பொருத்தமான நான்கெழுத்து எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தைத் தெரிந்தபின் பச்சை குத்திக்கொள்ளவோ பெயர்ப்பலகை எழுதவோ விரையாதீர். ஒவ்வோர் எழுத்தும் தனித்து நல்லதாயினும், சேர்ந்தபோது வேறு பொருள் தரக்கூடும். சீனம் அறிந்தவர் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எவ்வூரினர் என்பதையும் கேட்டறியுங்கள். மரம், மான், இனிமை என்று நாம் எழுதிய முருகன் பெய்சிங்கில் ‘மூ-லூ-கான்’. ஆங்காங்கில் அதே மூன்றெழுத்து ‘முக்-லுக்-கம்’.