இடாப்பில் நம் பெயர் உண்டா?

பாராளுமன்றத் தேர்தல் வந்தால் தோட்டங்களில் கொடியும் கூட்டமுமாக இருக்கும். பிரதேச சபைத் தேர்தலை அவ்வளவு பெரிதாக எண்ணுவோர் குறைவு. ஆயினும் மடுல்கலையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் பாதை, தெரு விளக்கு, மயானம் போன்ற அன்றாடத் தேவைகளோடு நெருங்கிய தொடர்புடையது இச்சிறிய சபையே. கண்டி மாவட்டத் தோட்ட மக்கள் இதன் வாசலை அடைய வந்த வழி நீண்டது.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு நிரந்தர வதிவு, ஐந்து வருடக் குடியிருப்பு போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1937இல் கிராமச் சங்கத் தேர்தலிலும் அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. அதற்கான சட்டத் திருத்தம் முதலில் இந்தியத் தொழிலாளரைக் குறிப்பிட்டே விலக்கியது. எதிர்ப்பு எழுந்ததும், தோட்டக் குடியிருப்புகளில் வசிக்கும் தொழிலாளர் என்று, இனம் சொல்லாமல், மாற்றி எழுதினார்கள். லயங்களில் வசித்தோரில் மிகப் பெரும்பாலோர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1947 பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் உட்பட இலங்கை இந்திய காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், பிரசைகளுக்கே வாக்கு என்ற 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், 1952இல் அவர்களில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அயல் மாவட்டமான கேகாலையில், ருவான்வெல்ல தொகுதி இடாப்பில் தமது பெயரைச் சேர்க்கக் கோரிய கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அங்கும் அவர் தோற்றார்.

1964, 1974 ஒப்பந்தங்களுக்குப் பிறகும் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை, 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் பெரும்பாலும் நீங்கியது. வாக்குக் கிடைத்தும் பயன் முழுமையாக வந்துவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடை இருந்தது. தோட்டம் கம்பெனிக்கு உரியது என்பதே காரணம். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே இன்று நம் மக்கள் உறுப்பினரிடம் சென்று பாதை கேட்டால், சட்டத்தைக் காட்டி அவரால் ஒதுங்க முடியாது.

ஆனால் கேட்பதற்குப் பலம் வேண்டும். அப்பலம் இடாப்பிலிருந்து வருகிறது. பிரதேச சபைத் தேர்தலுக்குத் தனி இடாப்பு இல்லை. பாராளுமன்ற இடாப்பே இதற்கும் பயன்படுகிறது. இலங்கைப் பிரசையாகவும் 18 வயது நிறைந்தவராகவும் அவ்விடத்தில் வழமையாக வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். இடாப்பு ஆண்டுதோறும் கிராம சேவகர் மூலம் திருத்தப்படுகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆண்டின் இடையில் 18 வயதை அடைவோருக்கும் குறைநிரப்பு இடாப்புகள் உண்டு. அந்தச் சபைப் பிரதேசத்தின் இடாப்பில் பெயர் இல்லாதவர் வாக்களிக்கவும் முடியாது, அங்கே வேட்பாளராகவும் நிற்க முடியாது.

நாம் தோட்டங்களில் காணும் சிக்கல்கள் பெரும்பாலும் சிறியவைதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. ஒரே லயத்தில் பல குடும்பங்கள், ஆனால் வீட்டு இலக்கம் இல்லை. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் அங்கும் பதியப்படவில்லை, இங்கும் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. மணமுடித்து வந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டுத் தோட்டத்திலேயே கிடக்கிறது. இவற்றைத் தேர்தல் நாளில் திருத்த முடியாது.

2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்குக் காலம் இருக்கிறதென்று நாம் இருந்துவிடலாகாது. திருத்திய பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களே முக்கியமானவை; உரிமைக் கோரிக்கையையும் ஆட்சேபத்தையும் அப்போதுதான் சமர்ப்பிக்கலாம்.

மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் லயம் லயமாகச் சென்று, 18 வயது நிறைந்தோரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, கிராம சேவகரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடுபட்ட பெயர் ஒன்று இருந்தாலும் அதற்குரிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உதவட்டும். இதற்குப் பணம் தேவையில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.